கூத்துக் களரிக்கு ஏற்ற கம்பியில்லா மைக்

திருவண்ணாமலையைச் சூழ்ந்துள்ள ஊர்களிலும், செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு என்று விரிந்து கிடக்கும் மாவட்டம் முழுவதிலும், பங்குனி பிறந்தது முதல் ஆடி முடியும் வரை, திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத உற்சவம் ஒவ்வொரு ஊராக நடந்து வருகிறது. பகற்பொழுதில் பிரசங்கியார் கதை சொல்லுவார். இரவு பத்து மணிக்கு மேல் மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் கூடி முழங்க, கட்டியங்காரன் ஆடுகளமாகிய களரிக்கு வந்து கதையைத் தொடங்கி வைக்க, விடியும் மட்டும் தெருக்கூத்து நடைபெறும். அந்தக் கூத்தின் சொல் கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் மூதாட்டியின் காதுக்கும் தெளிவாகப் போய்ச் சேரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கவலை. அதற்கு உடம்பில் அணியும் கம்பியில்லா மைக்கை ஒரு சாமானிய ஜமா, அதாவது கூத்துக் குழு, தன் சக்திக்கு உட்பட்டு எப்படித் தேர்ந்து கொள்ளலாம் என்பதே இதன் விஷயம்.

கூத்து என்பது பாட்டு, வசனம், அடவு ஆகிய மூன்றும் ஒரே சரீரத்தில் ஒரே வேளையில் நிகழும் கலை. கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் தரித்து, காலில் சலங்கை கட்டி, திரை விலக்கி வெளிப்படும் ராஜா வேஷக்காரர் களரியைச் சுற்றிச் சுழன்று ஆடிக்கொண்டே தம் வரலாற்றைத் தாமே பாடுகிறார். மைக் செட் கிராமத்துக்கு வந்தபோது அதைப் பிடித்துக்கொள்ள அவருக்குக் கை ஒழியவில்லை. ஒரு கையில் ஆயுதம், மறு கையில் அபிநயம். ஆகவே, களரியின் குறுக்கே கயிறு கட்டி, தலைக்கு மேலே இரண்டோ மூன்றோ மைக்குகளைத் தொங்கவிடும் வழக்கம் ஏற்பட்டது. அதனால் நடிகர் பாடவேண்டிய நேரத்தில் தொங்கும் மைக்கின் கீழே வந்து, முகத்தைச் சற்றே உயர்த்தி, நின்ற இடத்தில் நின்று பாடவேண்டியதாயிற்று. ஆடத் தொடங்கியதும் குரல் மறைந்தது, குரல் கேட்கவேண்டுமென்றால் ஆட்டம் நின்றது. ஒன்றாக இருந்த பாட்டும் அடவும் இவ்வாறு இரண்டாகப் பிரிந்து போனது இக்கலைக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் என்றே சொல்லவேண்டும்.

தொங்கும் மைக் எட்டவே முடியாத கட்டங்களும் பாரதத்தில் உண்டு. அர்ஜுனன் தபசு அன்று, பனைமரத்தை நாட்டி, அதற்குப் படிக்கட்டைகள் அடித்து, வேஷம் தரித்தவர் ஒவ்வொரு படியிலும் நின்று பாடியவாறே உச்சிக்கு ஏறி, அங்கிருந்து வில்வமும் எலுமிச்சம்பழமும் விபூதியும் ஜனங்களை நோக்கி வீசுகிறார். பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் முந்தானை ஏந்திக் கீழே காத்திருக்கிறார்கள். பதினெட்டாம் போரின் படுகளமோ, மண்ணால் செய்த துரியோதனனின் பிரம்மாண்டமான உருவத்தைச் சுற்றிப் பட்டப்பகலில் திறந்த வெளியில் நடப்பது. அங்கே வீமனும் துரியோதனனும் துரத்தியும் ஓடியும் வாதாடுகிறார்கள். மரத்தின் உச்சிக்கும் ஓடுகிற காலுக்கும் எந்தக் கயிற்றைக் கட்டுவது? இந்த இடங்களில் உடம்போடு செல்லும் மைக் ஆடம்பரமன்று, அவசியமே.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழலாம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கலைஞர்கள் பாடவில்லையா என்று கேட்பார்கள். பாடினார்கள், அபாரமாகப் பாடினார்கள். 1933-ல் இருபத்தேழு வயதிலேயே மறைந்துபோன எஸ். ஜி. கிட்டப்பாவும், அவருடன் நடித்துப் பெயர் பெற்ற கே. பி. சுந்தராம்பாளும், பெரிய நாடகக் கொட்டகைகளைத் தம் கண்டத்தாலேயே நிரப்பியவர்கள். செய்யாற்றை அடுத்த புரிசையில் பரம்பரையாகக் கூத்தை வளர்த்துவந்த கண்ணப்பத் தம்பிரானின் குடும்பத்தைப் போன்றோரிடம் பயிற்சி என்பது முதலில் குரலைத் திறப்பதுதான். நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது, நவீன நடிகருக்குத் தேவையான சரீர பலமும் சாரீர பலமும் தெருக்கூத்தில்தான் இருக்கின்றன என்ற நம்பிக்கையோடு புரிசையை நாடினார். ஆனால் அந்நாளைய இரவின் நிசப்தம் இன்று இல்லை. களரியின் பின்னே நெடுஞ்சாலையில் லாரிகள் ஓடுகின்றன. பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமுகிறது. மத்தளத்துக்கு ஒரு மைக், ஆர்மோனியத்துக்கு ஒரு மைக் என்று வாத்தியங்கள் பெருக்கப்பட்டபின், பெருக்கப்படாத குரல் அவற்றோடு போராடி, எட்டு மணி நேரம் கத்தி, சீஸன் முடிவதற்குள் தொண்டை கட்டிப் போகிறது. பயின்ற குரலைக் காப்பாற்றவே நல்ல மைக் வேண்டும். பயிலாத குரலுக்கு அது ஒருநாளும் பதிலாகாது.

கம்பியில்லா மைக் புதிய கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் மேடைக் கலைஞர்களுக்கென்று 1953-லேயே ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனமும் அந்தப் பத்தாண்டிலேயே இத்துறையில் இறங்கியது. நெடுங்காலம் அது தொலைக்காட்சி நிலையங்களுக்கும் பெருநகர நாடக மன்றங்களுக்கும் மட்டுமே கட்டுப்படியாகும் பொருளாக இருந்தது. இன்றோ, சில ஆயிரம் ரூபாயிலிருந்து பல பதினாயிரம் ரூபாய் வரை கடைகளில் குவிந்து கிடக்கிறது. உள்நாட்டு நிறுவனமான அஹூஜாவின் செட்டுகள் சிறிய ஊர்களின் சவுண்ட் சர்வீஸ்காரர்களிடமும் காணக் கிடைக்கின்றன. பொருள் கிடைக்காத காலம் போய், எது நமக்கு ஏற்றது என்று தெரியாத காலம் வந்திருக்கிறது.

அண்மையின் பயன்

மைக் வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால், மைக்குக்கு எட்டும் ஒலியின் அளவு ஆறு டெசிபெல் குறைகிறது. தலைக்கு மேல் மூன்றடியில் தொங்கும் மைக்கையும், வாயோரத்தில் ஓர் அங்குலத்தில் நிற்கும் மைக்கையும் ஒப்பிட்டால், வித்தியாசம் முப்பது டெசிபெலைத் தாண்டும். தூரத்து மைக்கில் குரலைப் பிடிக்க ஆம்பிளிஃபயரைத் திருகி ஏற்றும்போது, குரலோடு சலங்கையும் மத்தளமும் காற்றும் சேர்ந்து ஏறுகின்றன. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியே மறுபடி மைக்குக்குள் புகுந்து, அந்தச் சுழற்சி முற்றி, காதைத் துளைக்கும் ஊளையாக வெளிப்படுகிறது. வாயருகில் மைக் இருந்தாலோ ஏற்றவேண்டிய அவசியமே குறைந்துவிடுகிறது. இதிலிருந்து கிடைக்கும் மிகப் பெரிய அனுகூலம், சத்தத்தைக் கூட்டாமலே சொல்லைத் தெளிவாக்கலாம் என்பதுதான்.

திருவண்ணாமலையில் இந்த அனுகூலத்துக்கு ஒரு விசேஷ மதிப்பு உண்டு. 1896-ல் பதினாறு வயதுச் சிறுவராக இவ்வூருக்கு வந்த ரமணர், 1950-ல் மறையும் வரை இந்த மலையை விட்டு அகலாமல், பேச்சைவிட மௌனத்தாலேயே பெரிதும் உபதேசித்தார். அவருடைய அன்னையின் சமாதியை ஒட்டி 1922 முதல் வளர்ந்த ரமணாசிரமமும், செங்கம் சாலையில் அதன் அக்கம்பக்கத்தில் அமைந்த ஆசிரமங்களும் அமைதியை நாடி வருவோருக்காகவே இருக்கின்றன. அதே சாலை கிரிவலப் பாதையாகவும் இருப்பதால், பஜனையும் சொற்பொழிவும் நாடகமும் கூத்தும் இப்பகுதிக்கு அந்நியமல்ல. தியானம் செய்பவருக்கும் கூத்துப் பார்ப்பவருக்கும் ஒரே இரவில் நியாயம் செய்யவேண்டுமானால், குழாய் ஸ்பீக்கரை மரத்தின் உச்சியில் கட்டி நான்கு மைல் தூரம் அலறவிடும் வழக்கத்தைக் கைவிட்டு, அருகிலுள்ள மைக்கும் அளவான ஸ்பீக்கரும் கொண்டு, கூடியிருப்பவர்களுக்கு மட்டும் கேட்கச் செய்வதே தகும்.

சட்டமும் இதையே விரும்புகிறது. மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களை முன்னிட்டு வருஷத்தில் பதினைந்து நாட்களுக்கு மிகாமல், அதுவும் நள்ளிரவு வரைக்குமே, மாநில அரசு விலக்கு அளிக்கலாம். குடியிருப்புப் பகுதிகளுக்கு இரவில் நிர்ணயிக்கப்பட்ட அளவு 45 டெசிபெல். விடிய விடிய நடக்கும் ஒரு கலைக்கு இது பெரிய நெருக்கடி என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், ஊர் உறங்கும் இரவில், தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேற்காற்று வெப்பமாக இருக்கும்போது, ஒலி மேலே சிதறாமல் தரையை நோக்கி வளைந்து வெகுதூரம் செல்லுகிறது என்பதை ஜமாக்கள் நினைவில் வைக்கவேண்டும். பகலுக்குப் போதாத ஒலி இரவுக்கு மிகையாகும். சொல் தெளிவாக இருந்தால் ஒலியைத் தாராளமாகக் குறைக்கலாம். குறைத்தால் அண்டை அயலாரின் விரோதமும் அதிகாரிகளின் குறுக்கீடும் தாமாகவே குறையும்.

எங்கே அணிவது

கடைக்குப் போனால் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று சட்டையில் குத்திக்கொள்ளும் காலர் மைக். மற்றொன்று காதில் மாட்டி, மெல்லிய தண்டு வழியே கன்னத்தோரம் நிற்கும் ஹெட் மைக். சொற்பொழிவாளருக்குக் காலர் மைக் போதும். அவர் ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் பேசுகிறார். கூத்துக்கும் நாட்டியத்தோடு கூடிய நாடகத்துக்கும் அது உதவாது. மார்பில் இருக்கும் மைக் வாயிலிருந்து எட்டு அங்குலம் தள்ளியிருக்கிறது. தலையைத் திருப்பினால் குரல் விலகுகிறது. பதக்கமும் மணிமாலையும் அதன்மேல் உரசும் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில் இடிபோல் கேட்கிறது. ஹெட் மைக்கோ தலை திரும்பும் பக்கமெல்லாம் கூடவே திரும்பி, வாய்க்கும் தனக்கும் உள்ள தூரத்தை மாறாமல் காக்கிறது. ஆகையால் வேஷக்காரருக்கு ஹெட் மைக்கே தகுந்தது என்று தயங்காமல் முடிவு செய்யலாம்.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. எல்லாத் திசை ஒலியையும் வாங்கும் வகை, ஒரு திசை ஒலியை மட்டும் வாங்கும் வகை என இரு ஜாதிகள் இருக்கின்றன. ஊளையைத் தடுக்க இரண்டாவதே நல்லது என்று விற்பவர் சொல்லுவார். ஓரளவுக்கு அது உண்மைதான். ஆனால் ஆட்டத்தில் தண்டு சற்று விலகினாலும் அதில் குரல் மங்கிவிடும். மூச்சுக்காற்று பட்டாலும் புடைக்கும். வாய்க்கு ஓர் அங்குலத்தில் கன்னத்தோரம் வைக்கப்படும் மைக்குக்கு, எல்லாத் திசை ஒலியையும் வாங்கும் வகையே ஆட்டத்தைத் தாங்கும். வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் ஓரமாக வைத்தால் ‘ப’கரத்தின் காற்று அதில் மோதாது.

கூத்தின் ஒப்பனை இந்தச் சிறு கருவிக்குப் பெரும் சத்துரு. முத்துவெள்ளையும் அரிதாரமும் எண்ணெயும் குழைத்துப் பூசிய முகத்தில், மைக்கின் நுண்ணிய துளைகள் எளிதில் அடைத்துக்கொள்ளுகின்றன. முகம் எழுதி உலர்ந்த பிறகே மைக்கை மாட்டவேண்டும். கிரீடம் கட்டுவதற்கு முன் தண்டைக் காதில் அமைத்து, மருத்துவர்கள் உபயோகிக்கும் ஒட்டுத்துணியால் கன்னத்திலும் கழுத்தின் பின்புறமும் பதித்துவிட்டால், கிரீடத்தின் கயிறு அதை இழுக்காது. வியர்வை கம்பி வழியாக இறங்கிக் கருவிக்குள் புகாதபடி, கம்பி கருவியைச் சேருமுன் ஒரு சிறு வளைவாகக் கீழே தொங்கி மேலேறும்படி விடவேண்டும்; வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். இடுப்பில் கட்டும் ஒலிபரப்புப் பெட்டியை மெல்லிய பிளாஸ்டிக் உறையிலிட்டு, தையற்காரரிடம் தைத்த துணிப்பையில் வைத்து, முதுகின் கீழ்ப்புறம் இறுகக் கட்டவேண்டும். அதன் ஆன்டெனா ஈரமான தோலோடு அழுந்தக் கூடாது. நீரே பெரும் பகுதியாகவுள்ள மனித உடல் ரேடியோ அலைகளை விழுங்குவது. கல்யாண முருங்கை மரத்தால் செய்த கட்டைகள் அலையைத் தடுப்பதில்லை. அவற்றின்மேல் ஒட்டிய உலோக ஜிகினாத் தாளின் அடியில் ஆன்டெனா மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுவது போதும்.

எந்த அலைவரிசை

விலை மலிந்த செட்டுகளில் பெரும்பாலானவை 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. அந்த அலைவரிசைக்குத் தனி லைசென்ஸ் வேண்டியதில்லை என்பது அதன் சௌகரியம். எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள் என்பது அதன் தீமை. செல்பேசியின் புளூடூத்தும் பல வீடுகளின் வைஃபையும் அங்கேதான் நடமாடுகின்றன. ஐம்பது பேர் கூடிய சிறிய மண்டபத்தில் அது குறையின்றி வேலை செய்யும். ஆனால், பௌர்ணமி இரவில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் லட்சக்கணக்கான ஜனங்கள், ஆளுக்கொரு செல்பேசியோடு நடக்கும்போது, பாதையோரத்து மேடையில் அதே மைக் விட்டு விட்டுக் கேட்டால் ஆச்சரியப்படுவதற்கில்லை. மேலும், அதன் அலை நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டரே ஆகையால், நடிகர் முதுகைத் திருப்பினாலும் குறுக்கே ஒருவர் நின்றாலும் அது எளிதில் தடைப்படும்.

இதைவிட ஏற்றது யூ.எச்.எஃப். எனப்படும் வகை. 500 முதல் 700 மெகா ஹெர்ட்ஸுக்குள் இயங்கும் செட்டுகளே மேடைக்கு அதிகம் பயன்படுகின்றன. அவற்றின் அலை அரை மீட்டர் அளவுக்கு நீண்டது. உடம்பைச் சுற்றி வளைந்து செல்லும் தன்மை அதற்கு அதிகம். 200 மெகா ஹெர்ட்ஸை ஒட்டிய பழைய வி.எச்.எஃப். செட்டுகள் மிக மலிவு. ஆனால் நீண்ட ஆன்டெனா வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட செட்டுகளைச் சேர்த்து இயக்குவதும் கஷ்டம். யூ.எச்.எஃபிலும் 700 மெகா ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றை அறவே ஒதுக்கவேண்டும். 2022-ஆம் ஆண்டு ஏலத்தில் அந்தப் பட்டை 5ஜி செல்பேசிச் சேவைக்கு விற்கப்பட்டுவிட்டது. கூட்டத்திலுள்ள செல்பேசிகளே அதில் பேசிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் 2010-லேயே அப்பட்டையில் மைக்குகள் தடை செய்யப்பட்டமையால், அங்கே பயனற்றுப்போன பழைய செட்டுகள் நல்ல கம்பெனியின் பெயரோடு மலிவாக நம் ஊர்க் கடைகளுக்கும் வந்து சேரக்கூடும். பெயரைப் பார்த்து மயங்காமல், பெட்டியின் பின்னே அச்சிட்டுள்ள அலைவரிசை எண்ணைப் படிக்கவேண்டும். இந்தியாவில் அந்த அலைவரிசைக்கு அனுமதி உண்டா, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உபகரண அங்கீகாரம் பெற்றதா என்பதையும் விற்பவரிடம் கேட்டு, பில்லோடு வாங்குவதே உசிதம்.

இரண்டு மூன்று செட்டுகள் சேர்ந்து இயங்கும்போது வேறொரு சிக்கல் தோன்றுகிறது. இரண்டு அலைகள் அருகருகே இருந்தால், அவை கலந்து மூன்றாவது அலைகளைப் பிறப்பிக்கும். முதல் மைக் 600, இரண்டாவது 601, மூன்றாவது 602 மெகா ஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் வைத்ததாகக் கொள்ளுவோம். 601-ஐ இரட்டித்து 600-ஐக் கழித்தால் 602 வருகிறது. அதாவது முதல் இருவரும் சேர்ந்து மூன்றாமவரின் இடத்தில் அழையா விருந்தாளியை உட்கார்த்திவிடுகிறார்கள். அர்ஜுனனும் கிருஷ்ணனும் பேசும்போது துரியோதனனின் மைக் கரகரப்பதற்கு இதுவே காரணம். இதைத் தவிர்க்க, ஒன்றோடொன்று மோதாத எண்களைத் தயாரிப்பாளர்களே கணக்கிட்டு ‘குரூப்’ என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். எல்லாச் செட்டுகளையும் ஒரே கம்பெனியிடம் வாங்கி, ஒரே குரூப்புக்குள் வெவ்வேறு சேனல்களில் வைத்துவிட்டால் போதும். இன்று இரண்டு, அடுத்த வருஷம் இரண்டு என்று வாங்க நினைப்பவர்கள், பின்னால் சேர்க்கக்கூடிய மாடலாகவே முதலில் தேர்ந்தெடுப்பது நலம். அலைவரிசையை மாற்றவே முடியாதபடி ஒரே எண்ணில் நிலைத்த செட்டை, அது எவ்வளவு மலிவானாலும், ஊர் ஊராகச் செல்லும் ஜமா வாங்கக் கூடாது.

செல்பேசியில் வீடியோ எடுப்போருக்காக வந்துள்ள சிறு கிளிப் மைக்குகளை மேடைக்கு உபயோகிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பார்வைக்கு அழகாக, விலையும் சகாயமாக இருப்பதால் ஆசை எழுவது இயற்கை. அவை பதிவு செய்வதற்காகப் பிறந்தவை. உடனுக்குடன் பெருக்குவதற்காக அல்ல. ஒலியை எண்களாக மாற்றி அனுப்பி மீண்டும் ஒலியாக்குவதில் சிறிது தாமதம் நேர்கிறது. ஒலி காற்றில் ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் தூரம் செல்லுவது. இருபது மில்லி செகண்டு தாமதம் என்றால், நடிகரின் குரல் அவருக்கே ஏழு மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். புளூடூத் மைக்குகளில் தாமதம் நூறு மில்லி செகண்டையும் தாண்டுவதுண்டு. மத்தளத்தின் நடையோடு இம்மி பிசகாமல் பாடவேண்டியவருக்கு இது தாளத்தையே குலைக்கும். இரைச்சலை நீக்குவதாகச் சொல்லும் அவற்றின் வசதியோ, நீண்ட ஆலாபனையையும் இரைச்சல் என்று கருதி விழுங்கிவிடக்கூடும்.

எத்தனை செட், எத்தனை நேரம்

ஜமாவில் பத்துப் பன்னிரண்டு வேஷங்கள் இருந்தாலும், பன்னிரண்டு செட்டுகள் வாங்கவேண்டியதில்லை. களரியில் ஒரே சமயத்தில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மூவர் அல்லது நால்வர். அவர்களுள் கட்டியங்காரன் இரவு முழுவதும் இருப்பவர். ஆகவே கட்டியங்காரனுக்கு நிரந்தரமாக ஒன்று, வந்து போகும் வேஷங்களுக்கு மூன்று என நான்கு செட்டுகளோடு ஓர் இரவை நிறைவாக நடத்தலாம். ஒலிபரப்புப் பெட்டியை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றலாம். முகத்தில் படும் ஹெட் மைக் மட்டும் ஆளுக்கொன்றாக இருப்பது சுகாதாரத்துக்கும் நல்லது, அவசரத்தில் மாற்றவும் வசதி. எந்தக் காட்சி முடிந்ததும் எந்தப் பெட்டி யாருக்குப் போகவேண்டும் என்று ஜமாவை நடத்தும் வாத்தியார் ஒரு தாளில் எழுதி ஒப்பனைக் கொட்டகையில் ஒட்டிவிட்டு, அதற்கென்றே ஒரு பையனை நியமித்துவிட்டால் குழப்பம் இராது. பின்பாட்டுக்காரர்களுக்கும் வாத்தியங்களுக்கும் கம்பியுள்ள சாதாரண மைக்கே மேலானது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கம்பியால் ஒரு தொல்லையும் இல்லை. நடமாடுகிறவருக்கு மட்டுமே கம்பியில்லாததை வாங்குவதுதான் சிக்கனத்தின் முதல் படி.

பாட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நள்ளிரவுக்குப் பின் மௌனமாகிப் போகும் மைக்குகளுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். மலிவு செட்டுகள் பலவற்றில் பாட்டரி உள்ளேயே அடைக்கப்பட்டிருக்கிறது. சில மணி நேரத்தில் தீர்ந்தால், அதைச் சார்ஜில் போட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும். இரவு பத்து மணிக்கு வந்த கட்டியங்காரன் காலை ஆறு மணிக்கு மங்களம் பாடவேண்டியிருக்க, இது எப்படிப் பொருந்தும்? கழற்றி மாற்றக்கூடிய ‘டபிள் ஏ’ பென் டார்ச் செல்களில் இயங்கும் செட்டுகளே கூத்துக்கு உரியவை. மறுமுறை சார்ஜ் செய்யும் நிக்கல் செல்களில் பெட்டிக்கு இரண்டு ஜோடி வாங்கி வைத்து, நள்ளிரவில் கதை ஒரு கட்டம் முடியும்போது, தீர்ந்தாலும் தீராவிட்டாலும் எல்லாப் பெட்டிகளிலும் மாற்றிவிடுவதை ஓர் ஆசாரமாகவே கொள்ளவேண்டும். அர்ஜுனன் பனைமரத்தில் ஏறுமுன் புதிய செல் இடுவது கட்டாயம். மேலே போனபின் மாற்ற எவராலும் இயலாது.

அலையை வாங்கும் ரிசீவரை எங்கே வைப்பது என்பதும் வாங்குவதைப் போலவே முக்கியமானது. சவுண்ட் சர்வீஸ்காரர் தம் ஆம்பிளிஃபயரோடு ரிசீவரையும் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பெஞ்சின்கீழ் வைத்துவிட்டால், களரிக்கும் அதற்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஜனத்திரளே அலையைத் தடுக்கும் சுவராகிறது. நூறு மீட்டர் செல்லும் என்று அட்டையில் எழுதியிருப்பது தடையற்ற வெளிக்கான கணக்கு. ரிசீவரைக் களரியின் ஓரத்திலேயே, ஒரு மூங்கில் கம்பத்தில் ஆள் உயரத்துக்கு மேலே அமைத்து, அங்கிருந்து மிக்சருக்கு ஒலிக் கம்பி இழுத்துவிட்டால், மலிவான செட்டும் விலை உயர்ந்ததைப் போல நம்பிக்கையாக வேலை செய்யும். வாங்கும்போது, ஒவ்வொரு மைக்குக்கும் இரண்டு ஆன்டெனா சேர்ந்து உழைக்கும் ‘டைவர்சிட்டி’ ரிசீவரா என்று கேட்கவேண்டும். அதில் ஓர் ஆன்டெனாவுக்கு அலை மங்கினால் மற்றது தாங்கிக்கொள்ளும். இரண்டு மைக் கொண்ட சில மலிவு ரிசீவர்களில் இரண்டு ஆன்டெனா தெரிந்தாலும், மைக்குக்கு ஒன்றாக அவை தனித்தனியே இருப்பவை; அது டைவர்சிட்டி ஆகாது.

ரொக்கம் கொடுக்குமுன் இரண்டு காரியங்களைச் செய்யவேண்டும். ஒன்று, ஹெட் மைக்கின் கம்பி முனை எந்த வகை என்று அறிந்து, அது அறுந்தால் மாற்றுக் கம்பி சென்னை ரிச்சி தெருவிலோ பக்கத்து ஊர்க் கடையிலோ தனியே கிடைக்குமா என விசாரிப்பது; முதலில் பழுதாவது எப்போதும் அந்தக் கம்பிதான், கம்பெனிக்குக் கம்பெனி முனை மாறுவதும் உண்டு. மற்றொன்று, ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, முழு வேஷத்தோடு, முழு ஆட்டத்தோடு, கூட்டம் உள்ள இரவிலேயே சோதிப்பது. கடையில் நின்று ‘ஹலோ’ சொல்லிப் பார்ப்பது சோதனை ஆகாது. ஒரு ஜமாவால் நான்கு செட் வாங்க இயலாவிட்டால், தேதிகள் மோதாத இரு ஜமாக்கள் சேர்ந்து வாங்கலாம். அல்லது பாரதம் நடத்தும் ஊர்ப் பொதுவே வாங்கிக் கோயிலில் வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக, நாட்டுப்புறக் கலைஞர்கள் இசைக் கருவிகளும் ஆடை அணிகலன்களும் வாங்க அரசு நிதியுதவி அளித்து வருகிறது. இன்றைய களரியில் மைக்கும் ஓர் இசைக் கருவியே, ஓர் அணிகலனே. அதையும் அந்த உதவிக்குள் வெளிப்படையாகச் சேர்க்கவேண்டும் என்று கலைஞர் சங்கங்கள் கேட்பது முற்றிலும் நியாயம்.

விலை உயர்ந்ததை வாங்க முடியவில்லையே என்று எந்த வாத்தியாரும் ஏங்கவேண்டாம். வாயோரத்தில் நிற்கும் ஹெட் மைக், மாற்றத்தக்க அலைவரிசையுள்ள யூ.எச்.எஃப். செட், மாற்றத்தக்க செல், உயரத்தில் வைத்த ரிசீவர் ஆகிய நான்கும் பொருந்திவிட்டால், நடுத்தர விலைச் சாதனமே ஒரு பாரதத்தைப் பதினெட்டு நாளும் தாங்கும். இவை பொருந்தாவிட்டால் லட்ச ரூபாய்ச் சாதனமும் கரகரக்கும். இதைக் கலைஞர்கள் தாமே கற்றுக்கொள்ளவேண்டும் என்பதுதான் என் பிரார்த்தனை. மத்தளத்துக்கு ரவை பதம் பார்க்கவும் முகவீணைக்குச் சீவாளி தேரவும் அறிந்தவர்களுக்கு இந்த வித்தை கடினமன்று. அதைப் பிறர் கையில் விட்டதனால்தான் நடிகர் ஒரு கயிற்றின் கீழ் வந்து நிற்க நேர்ந்தது. அவர் மறுபடியும் களரி முழுவதையும் தமதாக்கிக்கொண்டு, சுழன்று கொண்டே பாட, அந்தப் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் கேட்போர் நெஞ்சில் பதியுமானால், அதற்குச் செலவிட்ட ஒவ்வொரு ரூபாயும் கலைக்குச் செய்த தர்மமாகும்.